கையில்லாக் களவு

நிதிக்குற்றங்களைப் பற்றி எழுதத் தமிழில் சொற்கள் இல்லை என்றொரு புலம்பல் சிற்றிதழ்ச் சூழலில் வெகு நாட்களாகக் கேட்டு வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபிராடு’ வேறு, ‘எம்பெசில்மென்ட்’ வேறு, ‘டிஃபால்கேஷன்’ வேறு, ‘மிஸ்அப்ரோப்ரியேஷன்’ வேறு. நம்மிடமோ எல்லாவற்றுக்கும் ‘மோசடி’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. வங்கியையும் பங்குச்சந்தையையும் களமாகக் கொண்ட பெரிய நாவல் தமிழில் தோன்றாமைக்கு இந்தச் சொல்வறுமையே காரணம் என்று அது நீளும். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்கிறார்கள், பத்திரிகை நண்பர்கள் சொல்கிறார்கள், வகுப்பறையில் மாணவர்களும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி பொறாமை. அதுவும் பொறாமைப்படத் தகாத ஒன்றின்மீது கொண்ட பொறாமை என்பதே நம் கட்சி.

உண்மையான பாதியை முதலில் பேசிவிடுவோம். 1799இல் லண்டனில் பேஸ்லி என்ற வங்கிக் கணக்கர், வாடிக்கையாளர் ஒருவர் செலுத்தக் கொடுத்த நூறு பவுண்டு நோட்டை வங்கியின் பெட்டியில் சேர்க்காமல் தம் சட்டைப்பையில் சேர்த்துக்கொண்டார். பிடிபட்டார். ஆனால் அவரைத் திருடர் என்று தண்டிக்க அன்றைய சட்டத்தில் வழியில்லை. திருட்டு என்றால் ஒருவர் வசமுள்ள பொருளை அவர் சம்மதமின்றி எடுத்திருக்க வேண்டும். அந்த நோட்டோ வங்கியின் வசம் வந்து சேரவே இல்லை. வாடிக்கையாளர் மனமொப்பிக் கணக்கர் கையில் கொடுத்தது, அவர் கையிலேயே தங்கிவிட்டது. நீதிபதிகள் திகைத்தார்கள். அதே ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி இந்தச் சந்தை அடைத்தது. ஆங்கிலத்தில் ஏற்கெனவே வழங்கி வந்த ‘எம்பெசில்’ என்ற சொல், நம்பி ஒப்படைக்கப்பட்டதைத் தனதாக்கிக்கொள்ளும் குற்றத்தின் பெயராக நிலைபெற்றது இப்படித்தான்.

இத்தகைய வேறுபாடுகள் தேவையானவை. சுவரேறிக் குதித்தவனும் சாவியை ஒப்படைத்து நம்பப்பட்டவனும் ஒரே குற்றத்தைச் செய்யவில்லை. இரண்டாமவன் பணத்தோடு நம்பிக்கையையும் எடுத்துச் சென்றிருக்கிறான். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டமும் இந்த வேறுபாட்டைப் பேணி, திருட்டு, கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாற்று எனத் தனித்தனிப் பிரிவுகளை வகுத்தது. அவற்றுள் 420ஆம் பிரிவு நம் தெருக்களுக்கு இறங்கி வந்து வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தக் குற்றம் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டாலும், ஏமாற்றுக்காரனை ‘த்ரீ எய்ட்டீன்’ என்று நம்மூரில் எவரும் திட்டப்போவதில்லை. சொல்லுக்கு ஆயுள் அதிகம்.

ஆக, நுட்பமான பகுப்பை ஆங்கிலச் சட்டத்திடமிருந்து கற்கலாம், கற்கத்தான் வேண்டும். (அதே இங்கிலாந்து 1968இன் திருட்டுச் சட்டத்தில் ‘எம்பெசில்மென்ட்’ என்ற தனிக்குற்றத்தை ஒழித்து, அதைத் திருட்டு என்ற பழைய சொல்லுக்குள்ளேயே திரும்பக் கொண்டுவந்தது என்பதை நம் நண்பர்கள் கவனிப்பதில்லை.) நம் சண்டை இந்தப் பகுப்போடு அன்று. ஆங்கிலத்தின் சொற்செல்வம் என்று நாம் வாய்பிளந்து பார்ப்பதில் பெரும்பகுதி பகுத்துக் காட்டப் பிறந்தது அன்று, மறைத்துக் காட்டப் பிறந்தது. அதனோடுதான் சண்டை.

*

சொற்களின் வேரைத் தோண்டிப் பாருங்கள். ‘தீஃப்’, ‘தெஃப்ட்’, ‘ஸ்டீல்’ ஆகியவை பழைய ஆங்கிலத்தின் மண்ணிலேயே முளைத்தவை, குட்டையானவை, கரடுமுரடானவை. ‘பெக்குலேஷன்’, ‘டிஃபால்கேஷன்’ போன்றவை இலத்தீனிலிருந்து பல்லக்கில் வந்திறங்கியவை. ‘டிஃபால்கேஷன்’ என்பதன் அடியில் அரிவாள் என்று பொருள்படும் இலத்தீன் சொல் இருக்கிறது. ஆனால் இன்று அதைச் சொல்லும்போது யார் கண்ணுக்கும் அரிவாள் தெரிவதில்லை. ‘பிரைப்’ என்பது பழைய பிரெஞ்சில் பிச்சைக்காரனுக்குப் போடும் ரொட்டித் துண்டு. ஏழைக்கிட்ட துண்டு எப்படியோ அதிகாரியின் வாய்க்குப் போய்ச் சேர்ந்த கதை அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

நம் நாட்டிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போன சொல் ஒன்றுண்டு: ‘லூட்’. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில், இந்தியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கொள்ளையடித்தவர்கள் கொள்ளை என்ற சொல்லையும் கொண்டுபோனார்கள் என்று இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். சிரிப்பதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிளாசிப் போருக்குப் பின் மீர் ஜாபரிடமிருந்து ராபர்ட் கிளைவ் பெற்ற 2,34,000 பவுண்டு 1773இல் லண்டன் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, அதற்கு வழங்கிய சொல் ‘லூட்’ அன்று. ‘பிரசென்ட்ஸ்’, அதாவது அன்பளிப்புகள். அவ்வளவு பணத்தை அவர் பெற்றார் என்று தீர்மானித்த அதே அவை, நாட்டுக்கு அவர் பெருஞ்சேவை புரிந்தார் என்றும் தீர்மானித்துக் கலைந்தது. கீழே இருப்பவன் எடுத்தால் ஒரு சொல், மேலே இருப்பவர் எடுத்தால் வேறொரு சொல். ஆங்கிலத்தின் நிதிக்குற்றச் சொற்களஞ்சியம் இந்த இரண்டு மாடிகளில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இதை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அறியாதவர்கள் அல்லர். எட்வின் சதர்லேண்ட் என்ற சமூகவியலாளர் 1939இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைமையுரையில் ‘வொயிட் காலர் கிரைம்’ என்ற தொடரை முன்வைத்தார். குற்றம் என்றால் வறுமை என்று எழுதிக்கொண்டிருந்த தம் துறையினரைப் பார்த்து, வெள்ளைச் சட்டைக்காரர்கள் செய்வதும் குற்றந்தான், அதை அந்தப் பெயரிலேயே அழையுங்கள் என்றார். பத்தாண்டு கழித்து, 70 பெருநிறுவனங்களின் சட்டமீறல்களைத் தொகுத்து நூலாக்கியபோது, அவதூறு வழக்குக்கு அஞ்சிய பதிப்பாளர் நிறுவனங்களின் பெயர்களை நீக்கச் சொன்னார். 1949இல் நூல் பெயர்களின்றி வந்தது. பெயர்களோடு முழுவடிவம் வெளியானது 1983இல். சதர்லேண்ட் இறந்து முப்பதாண்டுகளுக்கும் மேலான பிறகு. குற்றத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது, குற்றவாளிக்குத்தான் பெயர் சொல்ல முடியவில்லை!

*

இந்த மேல்மாடிச் சொற்களின் இலக்கணம் கவனத்திற்குரியது. ‘மிஸ்’ என்ற முன்னொட்டை எடுத்துக்கொள்வோம். ‘மிஸ்ஸ்டேட்மென்ட்’, ‘மிஸ்ரிப்போர்ட்டிங்’, ‘மிஸ்செல்லிங்’. பிரிட்டனில் வங்கிகள் கடன் வாங்கியவர்களின் தலையில், அவர்களில் பலருக்குப் பயனே தராத காப்பீட்டைக் கட்டி விற்றன. அதற்கு ஈடாக வங்கிகள் திருப்பிக் கொடுக்க நேர்ந்த தொகை 3,800 கோடி பவுண்டுக்கும் மேல். இதற்கு அங்கே வழங்கும் பெயர் ‘மிஸ்செல்லிங்’. கால் இடறியதுபோல, கைதவறிக் கண்ணாடி விழுந்து உடைந்ததுபோல, விற்பனை சற்றே பிசகிவிட்டதாம். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் ஊழியர்கள், மேலிடத்து இலக்கை எட்டுவதற்காக, வாடிக்கையாளர் அறியாமலே இலட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். அந்த இலக்குக்கு வங்கி வைத்திருந்த பெயர் ‘கிராஸ் செல்லிங்’. பொய்க் கையெழுத்து என்று அதைச் சொல்லியிருந்தால் எந்த மேலாளரும் மாத இலக்கு நிர்ணயித்திருக்க முடியாது.

நம் நாட்டுக்கு வருவோம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் எழுதிய ஆங்கிலக் கடிதத்தில், இல்லாத ரொக்கமும் வங்கியிருப்புமாக 5,040 கோடி ரூபாய் கணக்கில் காட்டப்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டார். அதைத் தொடங்கிவைத்தது எது என்று அவர் விளக்கும் இடத்தில் வருகிற சொல் ‘கேப்’. உண்மை இலாபத்துக்கும் ஏட்டு இலாபத்துக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி. அது ஆண்டுக்காண்டு தானே வளர்ந்ததாம். இடைவெளிக்குக் கை கால் முளைத்து, பேனா பிடித்து, கள்ளக்கணக்கு எழுதியிருக்கிறது!

நாம் சொல்ல வந்தது இதுதான். அலுவலக ஆங்கிலம் களவிலிருந்து கையை வெட்டி எடுத்துவிட்டது. செயல் இருக்கிறது, செய்தவன் இல்லை. ‘இர்ரெகுலாரிட்டீஸ்’ தோன்றின, ‘டிஸ்கிரிபன்சி’ காணப்பட்டது, ‘எக்ஸ்போஷர்’ ஏற்பட்டது. மழை பெய்தது என்பதுபோல. ஆங்கிலப் பேச்சுவழக்கில் கையுண்டு: கல்லாப்பெட்டியில் விரல் விட்டவன் என்பார்கள், இரத்தக் கையோடு பிடிபட்டவன் என்பார்கள். ஆனால் அந்தச் சொற்கள் கல்லாவில் நிற்கும் சிற்றூழியனுக்கு மட்டுமே. ஆண்டறிக்கையின் பக்கங்களில் அவற்றுக்கு நுழைவில்லை.

*

‘சொல்லில் என்ன இருக்கிறது, சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்று சொல்லும் நண்பர்களுக்காகவே அடுத்த செய்தி. பிரிட்டனில் சிற்றூர்களில் கடையோடு சேர்த்து அஞ்சலகக் கிளையை ஒப்பந்த முறையில் நடத்தும் துணை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் உண்டு. 1999 தொடங்கி அந்தக் கிளைகளில் ‘ஹொரைசன்’ என்ற கணினிக் கணக்குமுறை நிறுவப்பட்டது. இயந்திரம் இல்லாத பற்றாக்குறையைக் காட்டத் தொடங்கியது. பற்றாக்குறையை ஈடுகட்டச் சொன்னார்கள். வீட்டை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. கணக்கை ஒத்துக்கொண்டு கையொப்பமிட்டால்தான் கிளையைத் தொடர்ந்து நடத்த முடியும் என்ற நிலையில் கையொப்பமிட்டவர்கள்மீது ‘ஃபால்ஸ் அக்கவுன்டிங்’ என்ற குற்றம் சாட்டப்பட்டது. திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், பொய்க்கணக்கை ஒப்புக்கொள் என்று பேரம் பேசப்பட்டது. 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். கருவுற்றிருந்த ஒரு பெண் 2010இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இந்த விவகாரம் காரணமாக இருந்திருக்கலாம் என்கிறது 2025 ஜூலையில் வெளியான விசாரணையறிக்கையின் முதற்பகுதி.

பிழை மனிதர்களிடம் இல்லை, கணினியில் இருந்தது. இலண்டன் உயர்நீதிமன்றம் 2019இல் அதை உறுதி செய்தது. 2024இல் தனிச்சட்டமே இயற்றி, தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்க வேண்டியதாயிற்று.

இதில் சொல்லின் பங்கு என்ன? பொதுவிசாரணையில் 2024இல் வெளிவந்த ஒரு செய்தி போதும். 2013இல், கணினிப் பிழைகளைப் பற்றிய அறிக்கையொன்று வரவிருந்த வேளையில், அஞ்சலக நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் ‘பக்’ என்பதற்கு மாற்றாக, உணர்ச்சியைக் கிளறாத சொல்லொன்று வேண்டுமெனத் தம் கணவரிடம் கேட்டிருக்கிறார். ‘எக்ஸெப்ஷன்’ அல்லது ‘அனாமலி’ என்று விடை வந்திருக்கிறது. கடைக்காரருக்குத் ‘தெஃப்ட்’, கணினிக்கு ‘அனாமலி’. ஒரே கட்டடத்திலிருந்து, ஒரே பற்றாக்குறைக்காக, இரண்டு சொற்கள் புறப்பட்டிருக்கின்றன. ஒன்று சிறைக்கதவைத் திறந்தது, மற்றொன்று உண்மையின் கதவை ஆண்டுக்கணக்கில் மூடிவைத்தது. இந்தச் சொற்செல்வம் நமக்கு இல்லையே என்றா அழுகிறோம்?

*

ஆங்கிலத்தின் பெருமை வேறோரிடத்தில் இருக்கிறது. அதன் எழுத்தாளர்கள் இந்தச் சொற்களுக்கு அடங்கிப் போகவில்லை. 1849இல் நியூயார்க்கில், தம்மீது நம்பிக்கை வைத்து நாளை வரை கடிகாரத்தைத் தர முடியுமா என்று வழிப்போக்கர்களைக் கேட்டுக் கடிகாரங்களோடு மறைந்த ஒருவன் பிடிபட்டான். ‘கான்ஃபிடன்ஸ் மேன்’ என்ற பெயர் அவனால் பரவியது. அவனைப் பற்றி எழுதிய நியூயார்க் ஹெரால்டு நாளிதழே, பெரிய அளவில் இதே தொழிலைச் செய்பவர்கள் வால் ஸ்ட்ரீட்டின் மாளிகைகளில் இருக்கிறார்கள், இவன் சிறையில் இருப்பது கடிகாரத்தோடு நின்றுவிட்டதால்தான் என்று எள்ளியது. எட்டாண்டு கழித்து மெல்வில் அந்தப் பெயரையே தலைப்பாக்கி நாவல் எழுதினார். அதே ஆண்டுகளில் டிக்கன்ஸ் ‘லிட்டில் டாரிட்’டில் மெர்டில் என்ற பணப்பெருமகனைப் படைத்தார். நாவல் நெடுகிலும் சமூகம் முழுவதும் அந்த மனிதரை வணங்கி, விருந்துக்கு அழைத்து, அவர் காலடியில் சேமிப்பைக் கொட்டுகிறது. அவர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டதும், அதுவரை அத்தனை பட்டங்களையும் அடுக்கிக்கொண்டிருந்த டிக்கன்ஸ், திருடன் என்ற பழைய குட்டைச் சொல்லை எடுத்து வைக்கிறார். இலத்தீனுக்கு அங்கே வேலையில்லை. 1875இல் டிரோலப் படைத்த மெல்மோட்டும் இதே குலத்தவன். இவர்களிடம் இருந்தது சொற்களின் எண்ணிக்கை அன்று. எந்தச் சொல் யாரைக் காப்பாற்றுகிறது என்ற கூர்மை.

நமக்கு அந்தக் கூர்மை உண்டா? செய்தித்தாளைத் திறந்தால் ‘முறைகேடு’. கடனில் முறைகேடு, தேர்வில் முறைகேடு, மணலில் முறைகேடு, கோயில் நிலத்தில் முறைகேடு. இது ‘இர்ரெகுலாரிட்டி’யின் நேர்ப்பெயர்ப்பு. விதியொன்று சற்று மீறப்பட்டது என்பதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. ‘மணி லாண்டரிங்’ என்பதைச் ‘சட்டவிரோதப் பணப்பரிமாற்றம்’ என்று எழுதுகிறார்கள். மூலத்தில் ஒரு படிமமாவது இருந்தது: அழுக்குப் பணத்தைத் துவைத்து வெள்ளையாக்கிக் கொடியில் உலர்த்தும் காட்சி. பெயர்ப்பில் சலவைக்கல்லும் இல்லை, சலவைக்காரனும் இல்லை, அழுக்கும் இல்லை. மிஞ்சியது பரிமாற்றம், அது என்ன பாவம் செய்தது?

இத்தனைக்கும் நம் மொழி களவைக் கையோடு சேர்த்தே பேசும் மொழி. கையாடல், கையூட்டு, கைக்கூலி, கைவரிசை, கை நீளம், கையும் களவுமாக. சொல்லும்போதே ஒரு கை கண்முன் நீளுகிறது; கையிருந்தால் அதற்கு உடையவன் ஒருவன் இருந்தாக வேண்டும். ‘எம்பெசில்மென்ட்’டுக்குத் தமிழில் சொல்லில்லை என்பவர்கள் ‘கையாடல்’ என்பதை மறந்தது எப்படி? பொதுப்பணத்தை விழுங்கி ‘ஏப்பம் விட்டான்’ என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதில் எத்தனை தணிக்கையறிக்கை அடங்கியிருக்கிறது! சீட்டுப் பிடித்தவன் ‘கம்பி நீட்டினான்’, கடன்காரன் ‘மஞ்சக் கடுதாசி கொடுத்தான்’, பங்காளி ‘பட்டை நாமம் போட்டான்’. ஒவ்வொன்றும் தனித்தனி ஏமாற்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. பகுப்பு இல்லை என்று எவர் சொன்னது? சட்டப் பகுப்பு வேண்டுமென்றால் இச்சொற்களைத் தீட்டிக் கொள்ளலாம். தீட்டுவதற்கு முன் தூக்கி எறியாமல் இருக்க வேண்டும்.

நம் வீட்டு அழுக்கையும் சொல்லிவிடுகிறோம். ‘மாமூல்’ என்றால் அரபியில் வழக்கமானது என்று பொருள். இலஞ்சத்தை வழக்கமாக்கிவிட்ட சொல் அது. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு அயல்நாட்டு ஊழல் சட்டமும் வழமையான அரசு வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் தொகைக்கு விலக்களித்து, ‘ஃபெசிலிட்டேஷன் பேமென்ட்’ என்ற பெயருக்கு இடமளிக்கிறது. பிரிட்டனின் 2010 சட்டமோ அந்த விலக்கை ஏற்கவில்லை. மாமூலுக்கு ஆங்கிலப் பட்டம் கட்டினால் அது ஒரு நாட்டில் வழக்கம், இன்னொரு நாட்டில் குற்றம்! ‘அன்பளிப்பு’, ‘கவனிப்பு’ என்று நாமும் கிளைவின் அகராதியை நன்றாகவே கற்றிருக்கிறோம். தேனெடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்ற நம் பழமொழி, கையைக் காட்டிய பிறகும் மன்னித்துவிடுகிறது. கை இருந்தும் கண்ணை மூடிக்கொள்ளும் மொழி, கையே இல்லாத மொழியைவிடச் சற்றுத்தான் மேல்.

ஆனால் நம்மிடம் ஒரு காப்பியம் இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட அரசியின் சிலம்பைக் கவர்ந்த அரண்மனைப் பொற்கொல்லன், தன் களவை மறைக்க, வழியில் வந்த வணிகனைக் கள்வன் என்று காட்டிக் கொடுக்கிறான். வசதியான ஒரு சொல்லால் ஓர் உயிர் போகிறது. அஞ்சலகக் கடைக்காரர்களின் கதையை நம் இளங்கோ முன்பே எழுதிவிட்டார் என்று நாம் மார்தட்டப் போவதில்லை. ஆனால் உண்மை வெளிப்பட்ட கணத்தில் பாண்டியன், களவு செய்யாத தன்மீது தானே எடுத்துச் சூட்டிக்கொண்ட சொல் எது என்பதை இவ்விதழின் வாசகருக்கு நினைவூட்டவும் தேவையில்லை. அது ‘முறைகேடு’ அன்று. ‘இடைவெளி’யும் அன்று.

நிதிக்குற்ற நாவலைத் தமிழில் எழுத முனையும் நண்பர்களிடமும், ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும் நண்பர்களிடமும் நாம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் ‘முறைகேடு’ என்று எழுதப் பேனா இறங்கும்போது, ஒரு நொடி நிறுத்தி, கை எங்கே என்று கேளுங்கள். கை தெரிந்துவிட்டால் சொல் தானே வரும்.